ஈரச் சுவருக்கு எங்களிடம் பெயிண்ட் இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை முடியப் போகிறது, இன்னும் ஒரு மாதத்தில் போகி. "பெயிண்டர் கிடைக்கவில்லை, நாங்களே அடித்துக்கொள்ளலாமா?" என்று தினமும் யாராவது கடையில் கேட்கிறீர்கள். கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இந்த மாதம் பெயிண்டர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தாராளமாக நீங்களே அடிக்கலாம். ஒரு அறை என்றால் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து நாலைந்து நாளில் நன்றாகவே முடிக்கலாம்.

ஆனால் போன பொங்கலுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் எங்களிடம் 10 லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) வாங்கிப் போனது. பழைய ஓட்டு வீடு. மழை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. சுவர் காய்ந்திருக்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. மாசி மாதம் அந்த அம்மா திரும்ப வந்தார். சுவரிலிருந்து உரிந்த பெயிண்டைச் செய்தித்தாளில் மடித்து எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். பெயிண்டில் குறையில்லை; கேட்காமல் விற்றது எங்கள் குறை. அவர்கள் இரண்டு நாள் பட்ட பாடு வீணாகிவிட்டதே என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அதனால் இந்த வருஷம் முதல், பெயிண்ட் கேட்டு வருகிறவரிடம் முதலில் சுவரைப் பற்றித்தான் கேட்போம். தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுவர் காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை எடுத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிச் சுவரில் பதியுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. தரையிலிருந்து இரண்டு அடிக்குள் ஒரு தாள், குளியலறையை ஒட்டிய சுவரில் ஒரு தாள் என்று ஒட்டிப் பார்ப்பது நல்லது. நம் டெல்டா மண்ணில் ஓதம் கீழிருந்துதான் ஏறும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக.

அக்கிரகாரத் தெருக்களில் இருக்கிற மாதிரி சுண்ணாம்புக் காரைச் சுவர் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம். அந்தச் சுவர் மூச்சுவிடும் சுவர். உள்ளே ஏறும் ஈரம் மேல்பரப்பு வழியாக வெளியே போய்விடும். அதன்மேல் எமல்ஷன் அடிப்பது பிளாஸ்டிக் தாளைப் போர்த்துகிற மாதிரி. ஈரம் போக வழியில்லாமல் காரையோடு சேர்த்து உதிர்க்கும். இதற்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பே போதும். அதில் எங்களுக்கு லாபம் சொற்பம்தான், ஆனாலும் அதைத்தான் வாங்கச் சொல்வோம். தண்ணீரை முதலில் ஊற்றிக்கொண்டு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதித்துத் தெறிக்கும், அதனால் பிளாஸ்டிக் வாளி வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு இரவு ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சியோ கோந்தோ கலந்து, துளி நீலம் சேர்த்தால் பளிச்சென்று வரும். கெட்டியாக ஒரு தடவை அடிப்பதைவிட நீர்க்க மூன்று தடவை அடியுங்கள். ஒன்று மேலும் கீழுமாக, அடுத்தது குறுக்காக.

சிமென்ட் பூச்சுச் சுவருக்கு வருவோம். பழைய பூச்சை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவாக ஒட்டினால் அது சுண்ணாம்போ, டிஸ்டம்பர் என்கிற மலிவான சுவர்ப்பூச்சோ. தண்ணீர் தெளித்து ஊறவைத்து முழுக்கச் சுரண்டிவிட வேண்டும். இந்த இடத்தில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் அலுத்துப்போய்ப் பாதியில் விடுவார்கள். விடாதீர்கள். ஐந்து நாள் வேலையில் மூன்று நாள் இதற்கும், மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பூசி நிரவுவதற்கும்தான் போகும். பட்டியை மெலிதாக இரண்டு தடவை இழுங்கள். வெள்ளைச் சிமென்ட் பட்டியைத் தண்ணீரில் குழைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகவே குழையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பெயிண்டுக்கு அடியில் பிடிமானத்துக்கு அடிக்கும் பிரைமர் ஒரு கோட். பிரைமரை மிச்சம் பிடிக்க நினைத்தால் பட்டி பெயிண்டை உறிஞ்சும், சுவர் திட்டுத் திட்டாகத் தெரியும்.

பழைய கதவு, ஜன்னல், கம்பிகளைத் தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த எனாமலில் (மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்டில்) ஈயம் கூடுதலாக இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தப் பக்கமே விடாதீர்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எவ்வளவு வாங்குவது? 10க்கு 12 அறை, உயரம் 10 அடி என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் கழித்தால் சுமார் 390. ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். 60 அடி வரும் ரகம் என்றால் ஆறரை லிட்டர் வேண்டும். 100 அடி வரும் ரகம் நாலு லிட்டரில் முடிந்துவிடும். டப்பா விலையைப் பார்த்து முடிவெடுக்காமல் சதுர அடிக்கு என்ன விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். போடத் தெரியாவிட்டால் நாங்கள் போட்டுத் தருகிறோம். அட்டையில் பார்க்கும் நிறம் நாலு சுவரிலும் ஏறும்போது அடர்த்தியாகத்தான் தெரியும். சின்ன டப்பா வாங்கி ஓரிடத்தில் அடித்து, பகலிலும் லைட் போட்டும் பாருங்கள். மெஷினில் நிறம் கலந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. திறக்காத வெள்ளை டப்பாவை எடுத்துக்கொள்வோம்.

அடிப்பது சுலபம். முதலில் சீலிங், அப்புறம் சுவர். மூலையையும் ஓரத்தையும் பிரஷ்ஷால் அடித்து, அது காய்வதற்குள் ரோலரை ஓட்டுங்கள். ஆரம்பித்த சுவரை முடித்துவிட்டுத்தான் காபி குடிக்கப் போக வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்தக் கோடு போகவே போகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஃபேனை மட்டும் போடாதீர்கள்; சீக்கிரம் காய்ந்து திட்டு விழும். பெயிண்டில் கலக்கும் தண்ணீர், பெயிண்ட் டப்பாவில் சொன்ன அளவுதான். அடுத்த கோட்டுக்கு நாலு மணி நேரம் பொறுங்கள். இரும்புக் கம்பிக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்த பிறகுதான் எனாமல்.

வெளிச்சுவரில் பாசி இருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் அடித்து, கழுவிக் காயவிடுங்கள். மார்கழிப் பனியில் விடியற்காலையில் தொடங்க வேண்டாம். வெயில் ஏறிச் சுவர் உலர்ந்தபின் தொடங்கி, மூன்று மணிக்கு நிறுத்திவிட்டால் பனி இறங்குமுன் காய்ந்துவிடும். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று வெயிலுக்கு எதிர்ப்பக்கமாகவே இருங்கள். மாடி வெளிச்சுவரை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். அதற்குச் சாரம் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும், பக்கத்தில் மின்கம்பி போனால் கட்டாயம் வேண்டும். தையில் பெயிண்டர்கள் ஓய்வாக இருப்பார்கள், அதுவரை காத்திருங்கள்.

சுவரில் ஈரம் தெரிந்தால் உள் அறைகளைத் தூசி தட்டி, கதவு ஜன்னலை மட்டும் புதுசாக்கிப் பொங்கல் வையுங்கள். பெயிண்டைப் பங்குனியில் வந்து வாங்கிக்கொள்ளலாம். கடைக்கு வரும்போது அறையின் நீள அகல உயரத்தைக் குறித்துக்கொண்டு, பிளாஸ்டிக் தாள் ஒட்டிய சுவரை மறுநாள் காலையில் ஒரு போட்டோ எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெயிண்ட் கடையினர்