ஈயம் கடைசியில்தான், ட்ரிம் அதற்கும் அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய அளவு ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) சாகச மாதிரி விமானங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் விமானத்தைத் தயார் செய்யும் வேலையை நான்கே வரியில் முடித்துவிட்டீர்கள். இறக்கைக்கு அடியில் விரல் வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டுமாம், வால் தொங்கினால் மூக்கில் ஈயத்தை ஒட்ட வேண்டுமாம், மிச்சத்தைக் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரில் ட்ரிம் போட்டு, அதாவது இறக்கை, வால் தகடுகளின் நடுநிலையைப் பொத்தானால் கொஞ்சம் நகர்த்தி, சரிக்கட்டலாமாம். சின்ன நுரை விமானத்துக்கு இது போதும். 100 சிசி பெட்ரோல் இன்ஜின், இரண்டரை மீட்டருக்கு மேல் இறக்கை, பத்துப் பன்னிரண்டு கிலோ எடை என்று வரும்போது இது ஆபத்தான யோசனை. ட்ரிம் பொத்தான் பல நேரம் கோளாறை மறைத்துத்தான் வைக்கும், அதுவும் விமானம் மேலே போய்த் தலைகீழாகத் திரும்பும் வரைக்கும்.

முதலில் முன்பின் சமநிலை. இந்த எடையை விரல் நுனியில் யாராலும் தாங்க முடியாது. இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் குழாய் உடம்பின் குறுக்கே போகிறது அல்லவா, இறக்கைகளைக் கொஞ்சம் வெளியே இழுத்து, இடைவெளியில் தெரியும் அந்தக் குழாயில் இருபுறமும் கயிறு போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். எக்ஸ்ட்ரா 300, எட்ஜ் 540 போன்ற நடு இறக்கை மாதிரிகளில் ஈர்ப்பு மையம் (முன்பின் சாயாமல் சமமாக நிற்கும் புள்ளி) பெரும்பாலும் இந்தக் குழாயை ஒட்டியே வரும். கையேடு வேறு இடம் சொன்னால், அங்கே குறி போட்டு இருபுறமும் ஆளுக்கொருவர் தூக்கிப் பார்க்கலாம். புரொப்பெல்லர், ஸ்பின்னர் (அதன் மூக்குக் கூம்பு), கேனோபி (விமானி அறை மூடி), பேட்டரி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், டேங்க் மட்டும் காலியாக இருக்க வேண்டும். டேங்க் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருந்தால் பெட்ரோல் தீரத் தீர வால் கனத்துக்கொண்டே வரும். அப்படி வால் கனத்த விமானம் தரையிறங்கும் நேரத்தில்தான் சொன்ன பேச்சைக் கேட்காது.

வால் தொங்கினால் உடனே ஈயத்தைத் தேடாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு: ஈர்ப்பு மையத்திலிருந்து 120 செ.மீ. பின்னால், வாலில் 50 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஈடுகட்ட 40 செ.மீ. முன்னால், இன்ஜின் சுவரில் 150 கிராம் ஈயம் வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் 300 கிராம் பேட்டரியை 20 செ.மீ. முன்னால் நகர்த்தினாலும் அதே பலன்தான், எடை ஒரு கிராம்கூட ஏறாது. ரட்டர் (வாலின் செங்குத்துத் தகடு) சர்வோவை, அதாவது அதை அசைக்கும் சின்ன மோட்டாரை, வாலிலேயே வைப்பதா, நடு உடம்பில் வைத்துக் கம்பிவடத்தால் இழுப்பதா என்பதையும் ரிசீவர் பேட்டரி, இக்னிஷன் பேட்டரி எங்கே என்பதையும் கட்டும்போதே யோசித்துவிட்டால் பெரும்பாலும் ஈயம் தேவைப்படாது. முதல் முறை பறக்கவிடும்போது மூக்கு லேசாகக் கனமாக இருக்கட்டும். அப்புறம் நேராகப் பறப்பதற்கு ட்ரிம் செய்துவிட்டு, 45 டிகிரி சரிவில் மேலே ஏற்றி, அப்படியே தலைகீழாகப் புரட்டி எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) குச்சியிலிருந்து கையை எடுத்துப் பாருங்கள். அதே கோட்டில் கொஞ்ச தூரம் போய் மெல்ல வளைந்தால் சரியாக இருக்கிறது. சட்டென்று மூக்கைக் கவிழ்த்தால் முன்கனம், வானத்தை நோக்கி வளைந்தால் பின்கனம்.

உங்கள் கட்டுரை தொடவே தொடாதது பக்கவாட்டுச் சமநிலை. பால்சா (இலேசான மரம்) பலகை எல்லாம் ஒரே அடர்த்தியில் வருவதில்லை, சைலன்சர் ஒரு பக்கமாகத் தொங்கலாம், ஆக ஒரு இறக்கை கொஞ்சம் கனமாக இருப்பது சகஜம். இடது இறக்கை கனம் என்று வைத்துக்கொள்வோம். நேராகப் பறக்கும்போது இடப்பக்கம் சாயும், நாமும் வலப்பக்கம் ஏலரான் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) ட்ரிம் போட்டு 'ஆகா, சரியாகிவிட்டது' என்று இருப்போம். விமானத்தைத் தலைகீழாக்கினால் கனமான இறக்கை கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டிருந்த ட்ரிம் இப்போது அதையே கீழே அழுத்துகிறது. கோளாறு இரட்டிப்பாகிவிட்டது. லூப் (செங்குத்து வட்டம்) அடித்தால் இன்னும் மோசம். நான்கு ஜி (ஈர்ப்புவிசையின் நான்கு மடங்கு) இழுவையில் இறக்கை நுனியின் 30 கிராம் வித்தியாசம் 120 கிராம் போல இழுக்கும், லூப் கோணலாக வரும், பைலட் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஸ்பின்னரில் ஒருவர், வாலடியில் ஒருவர் பிடித்துத் தூக்கி எந்த இறக்கை சாய்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்க நுனியில் சில கிராம் சேர்த்தால் முடிகிற வேலை இது. ஈயத்துக்கு உண்மையான வேலை இருக்கும் இடமும் இதுதான்.

சர்வோ விஷயத்துக்கும் இதே நியாயம். நடுநிலையில் சர்வோ கை இணைப்புக் கம்பிக்குச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். சர்வோ அச்சின் பல் பொருந்தவில்லை என்று சப்-ட்ரிம்மில் (டிரான்ஸ்மிட்டரில் சர்வோவின் நடுநிலையை மாற்றும் அமைப்பு) இழுத்து வைத்தால் மேலும் கீழும் அசைவு சமமாக வராது. நீண்ட கையைப் போட்டுவிட்டு அசைவு அதிகம் என்று டிரான்ஸ்மிட்டரில் பாதியாகக் குறைப்பவர்களைப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் சர்வோவின் பலத்தில் பாதி வீணாகிறது, பல்சக்கரத்தின் ஆட்டம் இரண்டு மடங்காகத் தகட்டில் தெரிகிறது. வேகத்தில் ஏலரான் படபடத்துப் பிய்ந்துபோவதற்கு அந்த ஆட்டமே போதும். சின்னக் கை, முழு அசைவு என்று வையுங்கள். ஒரே ஏலரானுக்கு இரண்டு சர்வோ இருந்தால் ஒன்றின் கம்பியைக் கழற்றி, நடுவிலும் இரு கோடியிலும் அது தன் துளையில் இழுக்காமல் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். உட்காராவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், கழுதை போல முனகும், பேட்டரியைக் குடிக்கும்.

முழு வேகத்தில் செங்குத்தாக ஏறும்போது விமானம் இடப்பக்கம் இழுத்தால், ரட்டர் ட்ரிம்முக்குக் கை போகக் கூடாது. இன்ஜினின் இடப்பக்கத் தாங்கிகளின் பின்னால் வாஷர் வைத்து இன்ஜினைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்ப வேண்டும். பொதுவாக இரண்டு மூன்று டிகிரி வலப்பக்கச் சாய்வு இருக்கும். சிக்னல் போனால் இன்ஜின் அடங்குகிறதா என்பதையும், இன்ஜின் ஓடும்போது ரேஞ்ச் (சிக்னல் எட்டும் தூரம்) குறைகிறதா என்பதையும் விமானத்தைக் கட்டிவைத்துத் தரையிலேயே பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு வந்த பெரிய படத்தில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு முன்னால் குனிந்து எதையோ திருகுகிறார். 27 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது அதன் நுனி வேகம் மணிக்கு 750 கி.மீ.யைத் தாண்டும். ட்யூன் செய்வதென்றால் பின்னால் நின்றுதான் செய்ய வேண்டும், அதுவும் ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது. அடுத்த இதழில் அந்தப் படத்துக்கு ஒரு திருத்தக் குறிப்பாவது போடுங்கள்.

இப்படிக்கு,
பெரிய மாதிரி விமானங்கள் பறக்கவிடும் ஒரு வாசகர்