போலீஸ் நிறுத்தினா "நான் போகலாமா"ன்னு கேக்க நம்ம பெரியவங்களுக்கும் சொல்லிக்குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அமெரிக்காவுல பிள்ளைங்க வீட்டுக்கு வர்ற அப்பா அம்மாக்களுக்காக போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். மாத்திரை சீட்டு, இன்சூரன்ஸ், இமிக்ரேஷன் கவுன்ட்டர்ல என்ன கேப்பாங்க எல்லாம் நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா சாயங்காலம் வாக்கிங் போறப்ப பக்கத்துல ஒரு போலீஸ் கார் வந்து நின்னா என்ன பண்றதுன்னு ஒரு வரி கூட இல்ல. நியூ ஜெர்சில குடும்பத்தோட இருக்கறவ நான், இது விடக்கூடாத விஷயம்னு தோணுச்சு, அதான் எழுதறேன்.

2015 பிப்ரவரில அலபாமா மாநிலம் மேடிசன்ல நடந்தத பலர் மறந்திருப்பீங்க. பேரனப் பாத்துக்க குஜராத்லேர்ந்து வந்த 57 வயசுக்காரர், மகன் வீட்டுப் பக்கத்துத் தெருவுல நடந்துட்டிருந்தார், யாரோ ஒருத்தர் சந்தேகமா சுத்தறார்னு போலீசுக்கு போன் போட்டுட்டாங்க. வந்தவங்க கேட்ட கேள்விக்கு "நோ இங்கிலீஷ்", "இந்தியா"ன்னு அவருக்குத் தெரிஞ்சத சொல்லியிருக்கார். கொஞ்ச நேரத்துல கைய பின்னால பிடிச்சு தரையில தள்ளிட்டாங்க, கழுத்துல அடிபட்டு உடம்பு பாதி செயலிழந்து போச்சு. தள்ளின ஆபீசர் மேல ரெண்டு தடவ விசாரணை நடந்தது, ரெண்டு தடவையும் ஜூரி ஒரு முடிவுக்கு வரல, கடைசில ஜட்ஜே விடுதலை பண்ணிட்டார். 2021ல நகராட்சி 17.5 லட்சம் டாலர் நஷ்டஈடு குடுத்துச்சு.

இங்க சட்டம் என்ன சொல்லுதுன்னா, போலீஸ்காரர் தெருவுல உங்ககிட்ட வந்து சும்மா பேசலாம், அதுக்கு அவருக்கு எந்தக் காரணமும் வேணாம், நீங்களும் பதில் சொல்லாம நடையக் கட்டலாம். ஆனா உங்கள போக விடாம நிறுத்திட்டா அந்த நிமிஷமே அது சீஷர், அதாவது பிடிச்சு நிறுத்தி வைக்கறது, காரணமில்லாம அப்படி பண்றதத் தடுக்கற அமெரிக்க அரசியல் சட்டத்தோட நாலாவது திருத்தம் உள்ள வந்துடும், அப்ப அவர்கிட்ட உருப்படியான சந்தேகம் இருக்கணும், வெறும் மனசுல பட்டதுன்னு சொன்னா போதாது. இது 1968ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட டெர்ரி கேஸ்ல வந்தது, கீழ சொல்ற கேஸ் எல்லாமும் அதே கோர்ட்டோடதுதான். கைது பண்ணனும்னா அதுக்கும் மேல வலுவான காரணம் வேணும்.

சரி, சும்மா பேசறது எப்ப நிறுத்தி வைக்கிறதா மாறுது? 1980ல மெண்டன்ஹால் கேஸ்ல நீதிபதி ஸ்டூவர்ட் ஒரு அளவுகோல் வச்சார். அந்த இடத்துல இருக்கற சாதாரண புத்தியுள்ள ஒரு ஆள் 'நாம கிளம்பிப் போகலாம்'னு நினைப்பானா மாட்டானா, அதான் கேள்வி. பல போலீஸ் சுத்தி நிக்கறது, துப்பாக்கிய காட்டறது, மேல கை வைக்கறது, கட்டளை போடற மாதிரி குரல், இதெல்லாம் இருந்தா சீஷர்னு எடுத்துக்கலாம்னார். அது டெட்ராய்ட் ஏர்போர்ட்ல நடந்தது, போலீஸ் வந்து பேசின மெண்டன்ஹால்ங்கற பொண்ணுக்கு 22 வயசு, டிக்கெட்டையும் ஐடியையும் பாத்துட்டு திருப்பிக் குடுத்துட்டாங்க, அதனால அவ இஷ்டப்பட்டுதான் கூட ஆபீசுக்கு வந்தான்னு தீர்ப்பாச்சு. மூணு வருஷம் கழிச்சு ராயர் கேஸ், இது மயாமி ஏர்போர்ட், இங்க டிக்கெட்டையும் லைசென்சையும் கையிலயே வச்சுக்கிட்டாங்க, அதனால இது சீஷர்னு சொல்லிட்டாங்க. பாருங்க, உங்க பேப்பர் யார் கையில இருக்குங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு.

என் மாமனாருக்கு இதே மாதிரி ஒண்ணு நடந்தது. கார் நின்னுச்சு, ஆபீசர் மரியாதையாதான் எங்க வீடுன்னு கேட்டார், இவர் கேக்காமலே பாஸ்போர்ட் ஜெராக்ஸ நீட்டிட்டார், அதை வச்சுக்கிட்டு அவர் ரேடியோல பேசி முடிக்கற வரைக்கும் இவர் தலையில இருந்த குல்லாவ கழட்டி கையில பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கார். நல்ல பையன், ஒண்ணும் சொல்லலன்னு வீட்டுக்கு வந்து சொன்னார். நடுவுல கிளம்பி வந்திருக்கலாமே மாமான்னு கேட்டேன். "போலீஸ் பேசறப்ப எவனாவது நடப்பானாம்மா"ன்னார்.

கோர்ட் சொல்ற அந்த 'சாதாரண ஆள்' எங்க மாமனார் இல்ல, உங்க அம்மாவும் இல்ல. இதுல எனக்கு உண்மையாவே கோவம் வருது. 2002ல டல்லஹாசி பஸ் கேஸ்ல, பயணிங்ககிட்ட நீங்க மறுக்கலாம்னு போலீஸ் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லன்னு ஒன்பது நீதிபதிகள்ல ஆறு பேர் தீர்ப்பு குடுத்தாங்க, மூணு பேர் ஒத்துக்கல. உரிமை இருக்கு ஆனா இருக்குன்னு சொல்ல மாட்டேன்னா, விவரம் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான அந்த உரிமை? "நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல, போகலாம்"னு சொல்ல எவ்ளோ நேரம் ஆகப்போகுது? அதை கட்டாயமாக்கணும், அப்படி சொல்லலன்னா அது சீஷர்தான்னு வச்சுக்கணும், அதுதான் என் கட்சி.

சட்டம் மாறற வரைக்கும் நாமதான் கேட்டுக்கணும். "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" இந்த ஒரு வரிய வீட்ல ரெண்டு மூணு தடவ சொல்ல வச்சு பழக்குங்க. போகலாம்னா மெதுவா நடந்து வந்துடலாம், கூடாதுன்னா அப்படியே நிக்கணும், வாக்குவாதம் வேணாம், பேர் கேட்டா சொல்லிடலாம், பாக்கெட்டுக்குள்ள திடீர்னு கை விடவே கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ஓடக்கூடாது, 2000ல சிகாகோ கேஸ் ஒண்ணுல போலீசப் பாத்து ஓடினதையும் சந்தேகத்துக்குக் காரணமா எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. மகன் ஓட்டற கார நிறுத்தினா பக்கத்து சீட்ல இருக்கறவருக்கும் அது சீஷர்தான், 2007லயே ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதா சொல்லிட்டாங்க, அதனால போலீஸ் சொல்லாம அப்பா தானா கதவத் திறந்து இறங்க வேணாம். ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) பிரின்ட், வீட்டு அட்ரஸ், பிள்ளையோட போன் நம்பர் எழுதின ஒரு அட்டை எப்பவும் கூட இருக்கட்டும்.

அடுத்த இதழ்ல இங்க பிராக்டிஸ் பண்ற ஒரு தமிழ் வக்கீல்கிட்ட எழுதி வாங்கி இதப் போடுங்க சார். அந்த இங்கிலீஷ் வரிய தமிழ் எழுத்துல, கட்டம் கட்டி, வெட்டி எடுத்து பர்ஸ்ல வச்சுக்கற அளவுக்குப் போட்டீங்கன்னா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நியூ ஜெர்சிலேர்ந்து ஒரு வாசகி