பாட்டி போனாளா, போனார்களா? – ஒரு நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

வணக்கம். மொரீஷியஸ் தீவில், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்ப் பட்டப் படிப்பின் முதலாண்டை முடித்துவிட்டேன். அதில் என்னை அதிகம் தவிக்க வைத்தது கட்டுரை எழுதும் பாடம்தான். உதவிய ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொன்னேன். ஆனால் அவசரத்தில், பாதியும் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். எழுதக் கற்றுத் தந்தவர்களுக்கு எழுத்திலேயே நன்றி சொல்ல வேண்டும் என்று மனம் கேட்கிறது.

ஆசிரியை அம்மா, முதல் வணக்கம் உங்களுக்கு.

என் முதல் கட்டுரை 'தமிழ் தேனினும் இனியது' என்று தொடங்கியது. பள்ளித் தேர்வுகளில் எழுதிப் பழகிய வாக்கியம். நீங்கள் அதை அடிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால், 'இதை எப்போது உணர்ந்தீர்கள்?' என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தீர்கள். பதில் சொல்லத் தெரியாமல் அன்று பஸ்ஸில் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். 13 ஆண்டுகள் தமிழைப் பாடமாகப் படித்தும், அப்படி ஒரு கேள்வியை நான் சந்தித்ததில்லை.

அடுத்த கட்டுரையில் வீட்டைப் பற்றி எழுதினேன். 'பாட்டி சந்தைக்குப் போனாள்' என்று ஒரு வரி. நீங்கள் என்னை அழைத்து, "உங்கள் பாட்டியின் முன்னால் நின்று இப்படிச் சொல்வீர்களா?" என்று கேட்டீர்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் கிரியோலில் யோசிப்பவள். 'மோ தி அலே, தோ தி அலே, லி தி அலே': போனது நானோ, நீயோ, பாட்டியோ, அங்கே வினைச்சொல் மாறுவதே இல்லை. தமிழில் அப்படி முடியாது. போனாள், போனார், போனார்கள் என்று வாக்கியத்தை முடிக்கும் இடத்தில், அந்த மனிதருக்கு என் மனத்தில் என்ன இடம் என்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. விகுதி என்பது மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று இரவு கட்டுரை முழுவதையும் திருத்தினேன். 'போனார்கள்' என்று எழுத எழுத, பாட்டி வேறு ஒருவராகத் தெரிந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த கைகள், பின்னால் கட்டிய தலைத்துணி, எங்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடும் பழக்கம் எல்லாம் அந்த ஒரு விகுதிக்குப் பின்னால் வந்து நின்றன.

பாட்டி, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. நீங்கள் ரசோன் வைப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அகராதியைப் பார்த்து 'கறிவேப்பிலை' என்று எழுதினேன். அதை உரக்கப் படித்தபோது நீங்கள் அடுப்படியிலிருந்தே, "கரிப்புலேயைத்தானே சொல்கிறாய்?" என்று கேட்டீர்கள். நான் திகைத்துப் போனேன். பிறந்ததிலிருந்து நம் வாயில் இருந்த சொல் அது. கிரியோல் என்று நினைத்திருந்த ரசோன் ரசம்தான், கீரைக்காரர் கூவி விற்கும் முரும் முருங்கைதான், புட்டு புட்டேதான். உங்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் கொண்டுவந்த சொற்களை நீங்கள்தான் அடுப்படியில் காப்பாற்றி வைத்திருந்தீர்கள்.

நூலகத்தில் பணிபுரியும் ஐயாவுக்கும் நன்றி. என் இறுதிக் கட்டுரை நம் மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களைப் பற்றியது. ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், பிறகு இந்தி என்பதே நாம் பார்த்துப் பழகிய வரிசை. 1998 நவம்பரில் வெளிவந்த புதிய தாள்களில் இந்தி தமிழுக்கு முன்னால் வந்தது. தமிழ் மக்கள் எதிர்த்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டுப் பழைய வரிசை மீண்டது. வீட்டில் பெரியவர்கள் சொன்னதை வைத்தே முதல் வரைவை எழுதிவிட்டேன். மாமா சொன்னதும் அப்பா சொன்னதும் ஒத்துப்போகவில்லை. நீங்கள் பழைய நாளிதழ்களைத் தேடி எடுத்துவந்து, என்னோடு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தேதியையும் சரிபார்த்தீர்கள். மதிய உணவு நேரத்தையும் எனக்காக விட்டுக்கொடுத்தீர்கள், ஐயா. அதை நான் மறக்கவில்லை.

கைப்பேசியில் தமிழ் தட்டச்சுச் செய்யக் கற்றுத் தந்த தோழிக்கும், ல, ள, ழ மூன்றையும் என் வரைவுகளில் சலிக்காமல் திருத்திய அண்ணனுக்கும் அன்பு. இரவு விளக்கை அணைக்கச் சொல்லாத அம்மாவுக்கும்.

ஆசிரியை அம்மா, நீங்கள் பென்சிலால் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படி வாசலில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உணர்ந்தேன்.

பாட்டி, வரும் ஞாயிற்றுக்கிழமை இந்த மடலை உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். புரியாத சொல் வந்தால் நிறுத்துங்கள். அதை நீங்கள் வேறு பெயரில் வைத்திருக்கிறீர்களா என்று சேர்ந்து தேடுவோம்.

என்றும் நன்றியுடன்,
முதலாண்டு மாணவி, மோக்கா