அணி ஊர் மாறுமா என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிற பலர் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் நீல ஜெர்சியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "அண்ணே, டீம் கோயம்புத்தூருக்குப் போயிடுமா? இப்ப வாங்கி என்ன பண்றது?" கல்லாவில் ஆள் நிற்கும்போது ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்பியது எங்களுக்கே மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சென்னையின் எஃப்சி ஊர் மாறும் என்பது ரசிகர்களுக்குள் ஓடுகிற பேச்சு, கிளப் சொன்ன செய்தி அல்ல. ஆனால் பேச்சு கிளம்பக் காரணம் இருக்கிறது. 2015லும் 2018லும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கிய அணி, 2024-25 பருவத்தில் 13 அணிகளில் 11ஆவதாக முடித்தது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் 40,000 பேர் உட்காரலாம். மேல் கேலரி முழுக்க வெறும் நாற்காலியாகக் கிடந்த இரவுகளை நாங்களும் பார்த்தோம். ஆட்ட நாளில் எங்கள் கடையில் நடக்கும் வியாபாரமும் அதற்கேற்பக் குறைந்துவிட்டது. ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், பெரியமேட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு அணி இங்கேயே இருப்பதில் ஆதாயம் உண்டு. அதையும் மனதில் வைத்தே நாங்கள் சொல்வதைப் படியுங்கள்.

கோவைக்குப் போகலாம் என்பவர்கள் காட்டும் உதாரணம் நல்ல உதாரணம்தான். ஐ-லீக் என்ற இன்னொரு தேசியக் கால்பந்துப் போட்டியில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, பெயரில் சென்னையை வைத்துக்கொண்டே கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. 2019 மார்ச் 9 அன்று, பருவத்தின் கடைசி நாளில், அங்கே மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்துச் சாம்பியன் ஆனது. கோவையில் பந்தாட்டத்துக்குக் கூட்டம் வரும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அணி இன்று ஐ-லீக்கில் இல்லை. கோப்பையும் கூட்டமும் கிடைத்த ஊரிலேயே அது நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு கதை. ஐஎஸ்எல்லில் ஆடிய புனே அணி 2019இல் கலைந்தபோது அதன் இடம் ஹைதராபாதுக்குப் போனது. புது அணி 2022 மார்ச்சில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வென்று கோப்பையும் வாங்கியது. பிறகு பணமுடை வந்தது. 2025இல் அணி தில்லிக்குப் போய்ப் பெயரும் மாறியது. ஆறே வருடத்தில் மூன்று ஊர். புனேயில் ஜெர்சி வாங்கிய பையன் இப்போது எந்த அணிக்குக் கை தட்டுவான்? எங்கள் வருத்தமெல்லாம் அந்தப் பையனை நினைத்துத்தான்.

நம் அணியும் ஒருமுறை வெளியூரைச் சொந்த மண்ணாக்கி ஆடியிருக்கிறது. 2015 வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் இருந்த எங்கள் கிடங்கில் இடுப்பளவு தண்ணீர். பந்துகள் மிதந்தன, பூட்ஸ் பெட்டிகள் கூழாகிவிட்டன. சென்னையில் ஆட வழியில்லாமல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தை, நம் சொந்த மைதான ஆட்டத்தை, டிசம்பர் 12 அன்று புனேயில் வைத்தார்கள். அன்று மாலை கடையில் சேறு கழுவிய பந்துகளை வரிசையாகக் காயவைத்துவிட்டு, அட்டைப்பெட்டி மேல் டிவியை வைத்துப் பார்த்தோம். தெருவில் போனவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கொல்கத்தாவை 3-0 என்று வென்றோம். எட்டு நாள் கழித்து கோவாவில் கோப்பை. புனேயில் ஆடியும் அது நம் அணியாக இருந்தது, திரும்பி இங்கேதான் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்.

2018 மார்ச் 13 இன்னும் நெருக்கமான நினைவு. கோவாவை இங்கே 3-0 என்று வென்ற அரையிறுதியில் ஒரு கோல் தனபால் கணேஷுடையது. வியாசர்பாடிக்காரர். மறுநாள் காலை ஷட்டர் தூக்கும் முன்பே வியாசர்பாடிப் பையன்கள் நாலு பேர் வாசலில் நின்றார்கள். ஆளுக்கொரு பழைய நீல பனியன் கொண்டுவந்திருந்தார்கள், எல்லாவற்றிலும் "கணேஷ்" என்று போட்டுத்தர வேண்டும். பிரஸ் மெஷின் சூடேறும் வரைக்கும் அவர்களால் நிற்க முடியவில்லை, ஒட்டிய எழுத்து ஆறுவதற்குள் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் சென்ட்ரல், அங்கிருந்து நடந்தே ஸ்டேடியம். அந்தப் பையன்களிடமிருந்து அணியை 500 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோவது தப்பு என்று உறுதியாக நினைக்கிறோம்.

கூட்டம் குறைந்ததற்கு ஊர் காரணமில்லை. ராத்திரி ஏழரைக்கு ஆட்டம் தொடங்கினால் முடிய ஒன்பதரை ஆகிறது. தாம்பரத்திலிருந்தோ கும்மிடிப்பூண்டியிலிருந்தோ மறுநாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யார் வருவார்கள்? சேப்பாக்கத்தில் ஐபிஎல் நடக்கும்போது, டிக்கெட்டைக் காட்டினால் மாநகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று ஏற்பாடு செய்தார்கள். அதையே இங்கேயும் செய்யலாம். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி ஆட்டங்களைக் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். வடசென்னைப் பள்ளி அணிகளுக்கு ஒரு கேலரியை ஒதுக்கலாம். மைதானத்துக்கும் கேலரிக்கும் நடுவே ஓடுதளம் இருப்பதால் ஏற்கெனவே ஆட்டம் தள்ளித் தெரிகிறது. இருக்கிற கூட்டத்தை நாலா பக்கமும் சிதறவிடாமல் ஒரே பக்கம் நெருக்கி உட்காரவைத்தாலே சத்தம் வரும். கோவை ரசிகர்களுக்காக வருடத்துக்கு இரண்டு ஆட்டம் அங்கே வைத்தால் அதையும் மனமார வரவேற்போம்.

எங்களால் முடிந்ததை நாங்களும் செய்கிறோம். சென்னையில் ஆட்டம் உள்ள நாட்களில் இனி இரவு பத்தரை வரை கடை திறந்திருக்கும். ஆட்டம் முடிந்து ரயில் பிடிக்கும் வரை பிள்ளைகளோடு உள்ளே உட்காரலாம், தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. அன்றைய டிக்கெட்டைக் காட்டும் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஜெர்சியில் பெயரும் எண்ணும் இலவசமாக ஒட்டித் தருகிறோம். பழைய ஜெர்சியானாலும் சரி, வேறு கடையில் வாங்கியதானாலும் சரி. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பாகக் கொடுத்துவிட்டால் போட்டுக்கொண்டே உள்ளே போகலாம்.

அன்புடன்,
பெரியமேடு கடையிலிருந்து உங்கள் கடைக்காரர்கள்