அமாக்குக்கும் அந்த ஊர்க்காரங்களுக்கும்

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டது, இன்னைக்கு உட்கார்ந்து எழுதிடறேன். 2024 மே 11 ராத்திரி இந்தோனேசியாவோட மேற்கு சுமத்ரால மராப்பி எரிமலை அடிவாரத்துல மாட்டிக்கிட்ட என்னை பத்திரமா ஊர் கொண்டு வந்து சேர்த்தவங்களுக்கு இந்த நன்றி. அவங்க யாருக்கும் தமிழ் தெரியாது, ஊனின்னு நான் கூப்பிடற அக்கா போன்ல மொழிபெயர்த்து, நான் தங்கியிருந்த வீட்டு அம்மா அமாக்குக்கு வாசிச்சுக் காட்டிருவாங்க. ஆனாலும் தமிழ்ல எழுதறேன், ஏன்னா இப்படி மனுஷங்க இருக்காங்கன்னு நம்ம ஆளுங்களுக்கும் தெரியணும்.

அந்தப் பக்கத்து மினாங்கபாவ் ஜனங்க பேச்சுல அமாக்னா அம்மா, ஊனின்னா அக்கா, ஊடான்னா அண்ணன். அம்மா கூடப் பொறந்தவரை மாமாக்னு சொல்வாங்க, முதல் நாள் அதைக் கேட்டப்பவே எனக்கு பாதி பயம் போயிருச்சு. மிளகாய் விவசாயம் பத்தி படிக்கறதுக்காக தானா டாத்தார் மாவட்டத்துக்கு மூணு மாசம் போயிருந்தேன், அமாக் வீட்ல ஒரு ரூம் குடுத்தாங்க. வீட்டுக்கு முன்னாடி ஒரு பழைய மரக்குதிர், சுத்தி நெல் வயல், மேட்டுல மிளகாய், இன்னும் மேல போனா பட்டை மரம்.

அங்க நிலம் எல்லாம் பொண்ணு வழி. பாட்டிகிட்டேருந்து அம்மாவுக்கு, அம்மாகிட்டேருந்து மகளுக்குன்னு வர்ற பரம்பரை சொத்தை ஹர்த்தா புசாக்கோ திங்கின்னு சொல்றாங்க, அதை விக்கக் கூடாது. அடகு வைக்கறதுக்குக் கூட நாலே நாலு காரணம் தான், நடுவீட்ல பிணம் கிடந்து அடக்கம் பண்ண காசில்லைன்னா, வயசுக்கு வந்த பொண்ணுக்கு கல்யாணம் ஆகலைன்னா, பெரிய வீடு ஒழுகினா, விழுந்துபோன குடும்ப கௌரவத்தை தூக்கி நிறுத்தணும்னா. புருஷன் பொண்டாட்டி வீட்டுக்கு விருந்தாளி மாதிரி, சொத்தை பாத்துக்கற பொறுப்பு மாமாக்குக்கு. நான் நாஞ்சில் நாட்டுக்காரி, எங்க கொள்ளுப்பாட்டி காலத்துல எங்க வீட்லயும் மருமக்கள்வழி தான், 1926ல திருவிதாங்கூர் சட்டம் வந்தப்புறம் தான் மாறுச்சு. இதை அமாக்கிட்ட சொன்னப்ப அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்ப நீ வெளி ஆள் இல்லன்னாங்க. அது சும்மா வாய் வார்த்தைக்கு சொன்னதில்லன்னு அந்த ராத்திரி தெரிஞ்சுது.

2023 டிசம்பர்லேருந்து மராப்பி அப்பப்ப வெடிச்சுக்கிட்டே இருந்ததால மலை மேல சாம்பலும் கல்லும் குவிஞ்சு கிடந்துச்சு. அன்னைக்கு சனிக்கிழமை, சாயங்காலத்துலேருந்து விடாத மழை. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு சத்தம், இடின்னு தான் நினைச்சேன், ஆனா இடி ஒரு தடவை இடிச்சா நிக்கும், இது நிக்கவே இல்ல, லாரி லாரியா கல்லு கொட்டற மாதிரி கிட்ட கிட்ட வந்துக்கிட்டே இருந்துச்சு. மாமாக் வாசல்லேருந்து கலோடோ, கலோடோன்னு கத்தினார். மலைலேருந்து சேறும் பாறையும் மரமும் சேர்ந்து உருண்டு வர்ற வெள்ளத்துக்கு அவங்க சொல்ற பேர் அது. மாமாக், உங்களுக்கு அறுபது வயசு தாண்டியிருக்கும், ஒரு கைல பேரனையும் இன்னொரு கைல என் பேக்கையும் தூக்கிக்கிட்டு மேட்டுல இருக்கற சுராவ், அதாவது ஊர்த் தொழுகைக் கூடம் வரைக்கும் இருட்டுல எங்களை இழுத்துட்டுப் போனீங்க. என் பாஸ்போர்ட் அந்த பேக்ல தான் இருந்துச்சு. நான் அதை நினைக்கவே இல்ல, நீங்க நினைச்சீங்க.

அமாக் எடுத்துட்டு வந்தது என்ன தெரியுமா? நகை இல்ல, பணமும் இல்ல, பிளாஸ்டிக் கவர்ல சுருட்டி வச்சிருந்த ஒரு பேப்பர். அதுக்கு ரஞ்ஜின்னு பேரு, குடும்பத்தோட வம்சாவளி, எந்தப் பாட்டிக்கு எந்த மக, எந்த மகளுக்கு யாருன்னு மரம் மாதிரி கோடு போட்டு எழுதியிருக்கும். நம்ம ஊர்ல பட்டா எப்படியோ அப்படி, இந்த வயல் இந்த வழிக்கு சொந்தம்னு சொல்றதுக்கு அது வேணும். சுராவுல டார்ச் வெளிச்சத்துல அமாக் அதை விரிச்சாங்க, ஒரு ஓரம் மட்டும் நனைஞ்சிருந்துச்சு, முந்தானைத் துணியால தேய்க்காம ஒத்தி ஒத்தி எடுத்தாங்க, அந்த ஓரத்துல இருந்தது அவங்க பாட்டியோட பேர். அப்ப அவங்க அழல, காலைல வயலைப் பாத்தப்ப தான் அழுதாங்க.

கீழ் வயல் மொத்தமும் போயிருச்சு. அறுப்புக்கு ரெண்டு வாரம் தான் பாக்கி. ஆள் உயரப் பாறைங்க, மணல், வேரோட பிடுங்கின மரம், வரப்பு எங்க மடை எங்கன்னே தெரியல. அந்த வயலை பக்கத்து வீட்டு ஊடா விளைச்சல்ல பாதிப் பங்குக்கு பயிர் பண்ணிட்டிருந்தார், அவருக்கும் அந்த வருஷ உழைப்பு அவ்வளவும் போச்சு. அந்த ராத்திரி தானா டாத்தார், அகாம்னு சுத்துப்பட்டு மாவட்டங்கள்ல 60 பேருக்கு மேல செத்துப்போனாங்க. எங்க சுராவுல இருந்த எல்லாரும் பிழைச்சோம்.

என் கால்ல ஆழமா வெட்டுக் காயம், நடந்தே வந்து தையல் போட்ட சுகாதார நிலைய நர்ஸ் அக்காவுக்கு ரொம்ப நன்றி. உங்க வீட்லயும் சேறு புகுந்திருந்துச்சுன்னு நீங்க போனப்புறம் தான் சொன்னாங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லல.

அப்புறம் பொதுச் சமையல். அந்த ஊர்ல பழைய வழக்கப்படி குதிருக்கு ஒவ்வொண்ணுக்கும் பேர் உண்டு, அன்னாட சாப்பாட்டுக்கு ஒண்ணு, வித்து செலவு பண்ண சி தின்ஜாவ் லாவுக், அதாவது கடலை எட்டிப் பாக்கறவன், பஞ்சத்துக்கும் இல்லாதவங்களுக்கும் சி தங்குவாங் லாப்பா, நம்ம பாஷைல பசிதாங்கின்னு வச்சுக்கலாம். இப்ப நிறைய வீட்ல குதிர் அழகுக்கு தான் நிக்குது, அமாக் வீட்லயும் காலி தான், மூட்டையெல்லாம் வீட்டுக்குள்ள இருக்கும். வெள்ளம் வடிஞ்ச ரெண்டாம் நாள் அமாக் வீட்ல மிச்சம் இருந்த நாலு மூட்டைல மூணை சமையலுக்கு அனுப்பிட்டாங்க. வயலே போயிருச்சே, இனி உங்களுக்குன்னு நான் கேட்டதுக்கு, அது பசிதாங்கியோட நெல்லும்மா, என்னோடது இல்லன்னாங்க. அங்க விடிய விடிய சோறு வடிச்சு வாழையிலைல பொட்டலம் கட்டின அத்தனை பொம்பளைங்களுக்கும், வெளியூர்ல கடை வச்சு பிழைக்கற பசங்க காசு சேர்த்து அனுப்பினாங்களே அவங்களுக்கும், நான் அந்த பத்து நாள் சாப்பிட்ட ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நன்றி. சிவப்பு மிளகாய் சம்பல் மட்டும் தொட்டுக்க இருந்துச்சு, அவ்வளவு ருசியா நான் சாப்பிட்டதே இல்ல.

ஊருக்குத் திரும்பறது பெரிய பாடாயிருச்சு. மாகாணத் தலைநகர் பாடாங் போற மெயின் ரோடு லெம்பா அனாய் பள்ளத்தாக்குல ஆத்தோட போயிருச்சு, அது திரும்பத் திறக்க ஜூலை ஆச்சு. என் பிளைட் டிக்கெட் வீணாப் போச்சு, மாத்திக் குடுங்கன்னு கெஞ்சினேன், ஒரு பதிலும் வரல. ஊடா தான் யார்கிட்டயோ கார் கடன் வாங்கி, சிங்காராக் ஏரிக்கரை வழியா சொலோக் ஊருக்குப் போய், அங்கேருந்து சித்தின்ஜாவ் லாவுக் மலைப்பாதை வழியா பாடாங்ல கொண்டு விட்டார். குதிரோட அதே பேர், மேலேருந்து கடல் தெரியும். எல்லா லாரியும் அந்த வழிலயே வந்ததால கொண்டை ஊசி வளைவுல வண்டி வரிசை நகரவே இல்ல, மூணு மணி நேர வழிக்கு ஒன்பது மணி நேரம். வளைவுல நின்னு லாரிச் சக்கரத்துக்கு கட்டை வச்சு வழி விட்ட பசங்களே, உங்க முகம் கூட எனக்கு சரியா தெரியல, உங்களுக்கும் நன்றி. ஊடா பெட்ரோலுக்குக் கூட காசு வாங்கல. நான் சீட்டுக்கு அடில வச்சுட்டு வந்த பணத்தை கீழ் வயல்ல கல் அள்ள வந்த மெஷினுக்கு குடுத்துட்டதா மெசேஜ் போட்டார்.

மாமாக், நான் கிளம்பின அன்னைக்கு காலைல நீங்களும் மத்த குடும்பத்து மாமாக்குகளும் அந்தக் கல் காட்டுல வரிசையா நடந்துட்டிருந்தீங்க. எல்லைக்கல்லைத் தேடறோம்னு சொன்னீங்க. யாரும் சத்தம் போடல, இங்க ஒரு மரம் இருந்துச்சு, இல்ல நாலடி தள்ளின்னு ஞாபகத்தை வச்சே கம்பு நட்டுக்கிட்டே போனீங்க, தன் பக்கம் ஒரு அடி கூட்டி நட்ட ஒருத்தரை நான் பாக்கல.

போன வாரம் ஊனி போட்டோ அனுப்பியிருந்தாங்க. கீழ் வயல்ல பாதியைத் திருத்தி நாத்து நட்டாச்சு, மீதி இன்னும் கல்லு தான், ரஞ்ஜியை கண்ணாடி போட்டு சுவர்ல மாட்டியிருக்கு. அமாக், அறுப்புக்கு நான் வந்துடறேன், டிக்கெட் போட்டாச்சு. நீங்க கேட்ட சம்பா மிளகாய் விதையை கொண்டு வர விடுவாங்களான்னு விசாரிச்சுட்டிருக்கேன்.