அந்த நடு சந்த மூடாத கண்ணா

கண்ணா,

நீ அனுப்புன அடுக்குமாடி லேஅவுட்ட ப்ரிண்ட் போட்டு வாங்கிட்டு வந்து நேத்து ராத்திரி பூரா பாத்துட்டு இருந்தேன். 30 வருஷம் ப்ளான் வரஞ்ச கை சும்மா இருக்குமா சொல்லு. டவர் அமைப்பு நல்லா வந்திருக்கு, எல்லா வீட்டுக்கும் காத்து வர்ற மாதிரி போட்டிருக்க, பெருமையா இருந்துச்சுப்பா. ஆனா சைட்ட சுத்தி நாலு பக்கமும் ஒரே கோடா காம்பவுண்டு சுவர் இழுத்திருக்க பாரு, அதுக்கு மேல என்னால நகர முடியல.

இப்ப அந்த இடத்துக்குள்ள மூணு சந்து போகுதுன்னு நீதானே சொன்ன, ப்ளான்ல ஒண்ணையும் காணோமே. அது வழியா அஞ்சு நிமிஷத்துல பஸ் ஸ்டாப்புக்குப் போறவங்க நாளைக்கு சுவரு ஓரமாவே சுத்திட்டுப் போகணும். நான் தினமும் வாக்கிங் போற வழியிலயும் இப்படி ஒரு சுவர் இருக்கு, ஒரு பாட்டி அதுல கைய ஊனி ஊனி நின்னு நின்னு போவாங்க. அந்த சுவரோட கேட் பக்கத்துல ஒரு திட்டு இருக்கு, அதுலயும் யாரும் உக்காந்துடக்கூடாதுன்னு கூர் கல்லு பதிச்சிருக்காங்க. இருட்டுனா அந்தப் பக்கம் பொம்பளைங்க யாரும் நடக்கறதில்ல, எதிர்ப்பக்கம் மாறிடுவாங்க, ஏன்னா அந்த நீளத்துக்கும் ரோட்டப் பாத்து ஒரு ஜன்னல் கிடையாது. நகரங்களப் பத்தி எழுதுன ஜேன் ஜேக்கப்ஸ்ங்கற அம்மா 1961லயே இதத்தான் எழுதுனாங்க, ப்ளாக், அதாவது நாலு தெருவுக்கு நடுவுல இருக்கற கட்டம், சின்னதா இருக்கணும், தெருவப் பாத்துட்டு இருக்கற கண்ணுங்கதான் தெருவுக்குக் காவல்னு.

வீடே கட்டாதேன்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஜனங்களுக்கு வீடு வேணும், உயரமா கட்டுறதுல தப்பு ஒண்ணும் இல்ல. நியூயார்க்ல ஸ்டைவெசன்ட் டவுன்னு ஒண்ணு, 1940கள்ல 18 ப்ளாக்க இடிச்சு, சுமார் 11,000 பேர காலி பண்ண வச்சு, நடுவுல போன தெருவையெல்லாம் மூடிட்டுக் கட்டுனது. உள்ள மரமும் புல்வெளியும் அழகாதான் இருக்கும், ஆனா அந்தத் தெருவுல பொழங்குன ஜனங்களுக்கு அதுல என்னப்பா மிச்சம்?

அப்புறம் முன்னாடி 'பொது இடம்'னு பச்சையா ஒரு கட்டம் போட்டிருக்கியே, அது நெஜமா ஜனங்களுக்கா, இல்ல அப்ரூவலுக்கா? அதே நியூயார்க்ல 1961ல ஒரு விதி வந்துச்சு, கட்டடத்துக்கு முன்னாடி திறந்தவெளி விட்டா கூடுதலா கட்டிக்கலாம்னு. பில்டருங்க விட்டாங்க, ஆனா நெறைய இடத்துல உக்கார வசதியே இல்லாம வெறிச்சோடிக் கிடந்துச்சு. வில்லியம் வைட்னு ஒருத்தர் கேமராவ வச்சு ஜனங்க எங்க நிக்கறாங்க, எங்க உக்காருறாங்கன்னு பொறுமையா படம் புடிச்சு, உக்கார இடம் இருந்தாதான் ஆளு வருவாங்கன்னு காட்டுனாரு, 1975ல விதியவே மாத்துனாங்க. பாரு, ஒரு திண்ட சேக்கறதுக்கே 14 வருஷம் ஆயிருக்கு.

நானும் அந்தக் காலத்துல இப்படி எத்தனையோ சுவர் வரஞ்சிருக்கேன்ப்பா, அதுக்கு வெளிய யாரு நடப்பாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல, அது இப்ப உறுத்துது. மூணு சந்தும் முடியாட்டிப் போகட்டும், நடு சந்த மட்டும் கேட் போடாம ராத்திரியும் திறந்தே விடலாமான்னு உன் மேலதிகாரிகிட்ட கேளு. சந்தப் பாத்த மாதிரி கீழ்த்தளத்துல நாலு வாசல் வச்சா போதும். வடக்கு ஓரத்துல மர நிழல் விழற இடமா பாத்து பென்சில்ல ஒரு பெஞ்ச் வரஞ்சிருக்கேன், ஃபோட்டோ அனுப்புறேன், பாத்துட்டு ஃபோன் பண்ணு.

அம்மா