மேசைக்கால்: துளைதான் முதலில்

ஆசிரியருக்கு,

வீட்டிலேயே சாப்பாட்டு மேசை செய்வது பற்றிய கட்டுரையை ஞாயிறு இணைப்பில் படித்தேன். அடி மெலிந்த கால்களைச் சரிவாக அறுத்துவிட்டு, அதன் பிறகு சட்டத்துக்கு (மேற்பலகைக்கு அடியில் கால்களை இணைக்கும் கட்டைக்கு) துளை போடச் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி நல்ல தேக்கை யாரும் கெடுத்துவிடக் கூடாது. துளையைப் போட்ட பிறகே சரிவை அறுக்க வேண்டும்.

சதுரக் கட்டையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அசையாமல் படியும். துளை நேராக இறங்கும். சரிவு விழுந்த காலை அப்படிப் படிய வைக்க முடியாது. இன்னொரு பயனும் உண்டு. துளை விழும் இரண்டு உள்முகங்கள்தான் சரிய வேண்டியவையும். துளை இருந்தால் எந்த முகத்தை அறுப்பது என்ற குழப்பமே வராது. வெளிமுகங்களைச் சரித்துவிட்டால் மேசை கால்களை உள்ளே ஒடுக்கிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். எளிமையான மரச்சாமான்களுக்குப் பேர்பெற்ற ஷேக்கர் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவினரின் மேசைகளின் அழகுக்கும் இந்த உட்சரிவு ஒரு காரணம்.

28 அங்குலக் கால், 4 அங்குலச் சட்டம் என்றால், சரிவு மேலிருந்து 5 அங்குலத்தில் தொடங்கட்டும். சட்டம் சேரும் இடம் சதுரமாகவே இருக்க வேண்டும். 1¾ அங்குலக் கட்டை அடியில் 1 அங்குலமானால் போதும்.

கோணக் கணக்கு தேவையில்லை. ஒரு பலகையின் ஓரத்தை, காலை அறுக்கப்போகும் அதே மேசை வட்ட ரம்பத்தில் அறுத்துக்கொள்ளுங்கள். காலில் போட்ட சரிவுக் கோட்டை அந்த ஓரத்தோடு பொருத்தி, பின்னால் தடுப்புக்கட்டை அடித்து, பலகையோடு சேர்த்து ரம்பத்தில் தள்ளினால், ஓரத்துக்கு வெளியே நிற்பது மட்டும் அறுபடும். நான்கு கால்களும் ஒன்றுபோல் வரும். காலைக் கிளாம்ப் போட்டு இறுக்கியே தீர வேண்டும். கையால் பிடித்துத் தள்ளுவது விரலுக்கு ஆபத்து. முதல் முகம் முடிந்ததும் அறுத்த பக்கம் மேலே பார்க்கும்படி திருப்புங்கள். அது அடியில் போனால் கால் ஆடும், இரண்டாவது சரிவு கோணலாகிவிடும்.

கோட்டுக்கு வெளியே நூலளவு விட்டு அறுத்து, மீதியை இழைப்புளியால் எடுக்கலாம். தடித்த முனையிலிருந்து மெலிந்த முனையை நோக்கித்தான் இழைக்க வேண்டும். எதிர்த்திசையில் இழைத்தால் நார் பிய்ந்து வரும்.

அடுத்த இணைப்பில் திருத்தத்தைப் படத்தோடு வெளியிடுங்கள். துளையும் சரிவும் ஒரே முகத்தில் இருப்பது படத்தில் தெளிவாகத் தெரியட்டும்.

மரவேலைப் பயிற்றுநர் (ஓய்வு),
நாகர்கோவில்